மெட்காஃபை மறந்த மரபணு மோகம்

இரத்தப் புற்றுநோய் என்பது மரபணுவில் விழுந்த எழுத்துப் பிழை. பிழையைக் கண்டுபிடித்து அதற்கான மாத்திரையைக் கொடுத்தால் தீர்ந்தது என்று இப்போது மேடைக்கு மேடை கேட்கிறோம். 2001இல், நாட்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று 'டைம்' இதழின் அட்டையில் ஏறியதிலிருந்து இந்தப் பேச்சுக்கு மவுசு குறையவேயில்லை. மருந்து மகத்தானது. அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்தான் அரைகுறை.

1845இல் இந்த நோயை விவரித்த பிர்கோ, 1960இல் கண்டறியப்பட்ட பிலடெல்பியா குரோமோசோம், 1973இல் அதன் இடமாற்றத்தை விளக்கிய ஜேனட் ரௌலி: இந்த வரிசை எல்லோருக்கும் பாடம். இதற்குப் பக்கத்திலேயே ஓடிய இன்னொரு வரிசையைத்தான் மறந்துவிட்டோம். 1966இல் மெல்போர்னில் ரே பிராட்லியும் டொனால்டு மெட்காஃபும் எலியின் மஜ்ஜை உயிரணுக்களை அகாரில் வளர்த்தார்கள். (இஸ்ரேலில் லியோ சாக்ஸ் குழுவினரும் அதே காலத்தில் இதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.) அந்த உயிரணுக்கள் தாமாகப் பெருகவில்லை, வெளியிலிருந்து ஒரு புரதம் வந்து ஏவ வேண்டியிருந்தது. இன்று சைட்டோகைன்கள் என்று அழைக்கும் பெருங்குடும்பத்தில் அந்தப் புரதமும் சேர்த்தி.

அப்படியானால் இரத்தப் புற்றணு அந்தப் புரதத்தைத் தானே சுரந்து தானே பருகினால்? 1980களின் அருமையான கேள்வி இது. 1985இல் மெட்காஃப் குழுவினர், இத்தகைய ஏவல் புரதங்களில் ஒன்றான ஜிஎம்-சிஎஸ்எஃப் இல்லாவிட்டால் செத்துப்போகும் எலி உயிரணுக்களுக்குள் அதன் மரபணுவையே புகுத்தினார்கள். அவை யாரையும் எதிர்பார்க்காமல் வளர்ந்து, எலிகளில் கட்டியாயின. மறுவருடம் யங், கிரிஃபின் இருவரும், கடும் மைலாய்டு புற்றுநோயாளிகள் சிலரின் உயிரணுக்கள் இதே புரதத்தைச் சுரப்பதைக் காட்டினார்கள். ஆனால் 1989இல், எலி மஜ்ஜை முழுதும் ஜிஎம்-சிஎஸ்எஃப் பெருகும்படி செய்தபோது எலிகள் இறந்தனவே தவிர, இரத்தப் புற்றுநோய் வரவில்லை. சுரப்பு மட்டும் போதாது. தங்கள் கருத்துக்கே இடைஞ்சலான இந்த முடிவை வெளியிட்டதும் மெல்போர்ன்காரர்கள்தான். இந்த நேர்மை மரபணு மேடைகளில் அரிது.

சுரப்பா, மரபணுவா என்று பிரிப்பதே வீண். லிம்ஃபாய்டு வகை ஒன்றில் ஐந்தாம் குரோமோசோமிலுள்ள, இன்டர்லூக்கின்-3 என்ற இன்னொரு ஏவல் புரதத்தின் மரபணு பதினான்காம் குரோமோசோமுக்கு இடம்பெயர்கிறது. புற்றணு இன்டர்லூக்கின்-3ஐ அள்ளிக் கொட்ட, இரத்தத்தில் இயோசினோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் குவிகின்றன. அவை புற்றணுக்கள் அல்ல. ஏவலுக்குப் பெருகிய அப்பாவிகள். இதயத்தைச் சேதப்படுத்துவதும் அந்த அப்பாவிகளே. பிழை மரபணுவில், கேடு சுரப்பின் வழியே.

இமாட்டினிப்புக்கு வருவோம். இரண்டாண்டுகளாக நோயின் தடமே தெரியாத 100 பேர் மாத்திரையை நிறுத்திய பிரெஞ்சு ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது. மூல உயிரணுக்கள் மருந்துக்குத் தப்புகின்றன. வான்கூவரில் கோனி ஈவ்ஸ் குழுவினர் 1999இலேயே, நாட்பட்ட மைலாய்டு வகையின் ஆதி உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-3, ஜி-சிஎஸ்எஃப் இரண்டையும் தமக்குத் தாமே சுரந்துகொள்வதைச் சொல்லியிருந்தார்கள். 2011இல் பாசகே குழுவினரின் எலி ஆய்வு இன்னும் ஒரு படி போனது: புற்றணு சுரக்கும் இன்டர்லூக்கின்-6, பக்கத்திலிருக்கும் நல்ல முன்னோடி உயிரணுக்களையும் மைலாய்டு பாதைக்குத் திருப்பிவிடுகிறது. நோய் முற்றுவது அண்டை வீட்டையும் வளைத்துப் போட்டுத்தான்.

மெட்காஃப் 2014இல் மறைந்தார். நோபல் கிடைக்கவில்லை. மஜ்ஜை மாதிரியின் மரபணு வரிசையைப் படிக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, அந்த உயிரணுக்கள் என்ன சுரக்கின்றன என்று அளக்கவும் ஒதுக்குங்கள்.