கதவின் அடிவிளிம்பு

புனே கேள்கர் அருங்காட்சியகத்தின் செதுக்குக் கதவுகளை எல்லாரும் ரசிப்பார்கள். எனக்கோ, சாதாரணப் படுக்கையறைக் கதவைப் பொருத்தும் ஆசாரியின் கணக்கே பிடிக்கும்.

மழைக்காலத்தில் மரம் அகலத்தில்தான் உப்பும். உயரம் அநேகமாக மாறாது. அதனால் பக்கவாட்டில் சுமார் 3 மில்லிமீட்டர் சந்து விட்டுக் கீல் அடிப்பார். நடுப்பலகையைக் காடியில் ஒட்டாமல் செருகுவதும் அது உப்பிச் சுருங்க இடம் தரத்தான். ஜூலையில் இறுகும் கதவை அவசரப்பட்டு இழைத்தால், பிப்ரவரியில் இடைவெளி பல்லிளிக்கும்.

பெயிண்டர்கள் முகப்பை மினுக்கிவிட்டு மேல், கீழ் விளிம்புகளை மறந்துவிடுவார்கள் (எல்லாரும் அல்ல!). சட்டங்களின் இழைமுனைகள் திறந்திருக்கும் அங்கேதான் ஈரம் வேகமாக ஏறும். கதவை மாட்டுவதற்கு முன்பே அங்கே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு அடிவிளிம்புக்குள் பிரஷ் நுழையாது.