கன்னியாஸ்திரி சொன்ன பொய்

விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட நாவலைத் தமிழ் வாசகர் சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' வாயிலாக அறிவர். அதிலே வரும் கன்னியாஸ்திரி சிம்பிளிஸ் பொய்யே உரைத்தறியாதவள். ஆயினும், ஜீன் வல்ஜீனைத் தேடிவரும் பொலிஸ் அதிகாரி ஜாவேரிடம் அவள் இருமுறை பொய்யுரைக்கிறாள். வாய்மைக்கு அவள் பெற்றிருந்த பெயரே அப்பொய்யை அவன் ஐயமின்றி ஏற்கச் செய்கிறது என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மதக் கட்டளையை எள்ளியவளல்லள் அவள்; வேட்டையாடப்படும் மனிதனை அதனினும் பெரியவனாகக் கண்டவள். இந்நூலையே கத்தோலிக்கத் திருச்சபை 1864இல் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலிற் சேர்த்தது!

அவளது கருணை ஒருவனைக் காத்தது. ஆனால், ரொட்டி திருடியவனை 19 ஆண்டுகள் சிறையில் வாட்டிய சட்டம் அப்படியே நின்றது. அச்சட்டத்தை மாற்றும் கடமை ஹியூகோவோடு முடிந்துவிடவில்லை.