பேரேட்டில் ஏறாத பற்று

காகத்தையும் காரைதீவாரையும் இணைத்துச் சொல்லும் பழமொழியை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இலர். காகம் பறந்த ஊரெல்லாம் அவர் கடை திறந்தனர் என்பது அதன் கருத்து. காரைநகர் எனப் பெயர் மாறிய பின்னும் அவ்வூர் கணக்கறிந்த ஊராகவே இருந்து வந்துள்ளது. அத்தகைய ஊரிலும், ஏனைத் தீவுகளிலும், ஒரு பெருஞ்செலவு மட்டும் எந்தப் பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை. அடியாலும் வன்புணர்வாலும் பெண்களும் சிறுமியரும் இழக்கும் உழைப்பு, கூலி, கல்வி ஆகியவற்றின் கணக்கையே குறிப்பிடுகின்றோம். அது எழுதப்படாமைக்கு அரசினர் மட்டுமன்றி இலக்கியக்காரரும் பொறுப்பாளிகள் என்பது நம் கட்சி.

நம் சிறுகதைகளில் இவ்விடயம் வராமலில்லை. வருகின்றது, ஆனால் ஒரே வாய்பாட்டில் வருகின்றது. பெண் கெடுக்கப்படுகிறாள், கிணற்றில் விழுகிறாள், அன்றேல் புத்தி பேதலிக்கிறாள், அதுவுமன்றேல் தியாகியான இளைஞன் ஒருவன் அவளுக்கு ‘வாழ்வு கொடுக்கிறான்’. வாசகன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஏட்டை மூடுகிறான். மறுநாட் காலை அவ்வீட்டில் அடுப்பு எரிந்ததா, வைத்தியச் செலவுக்கு யாரிடம் கடன் பட்டார்கள் என ஆசிரியர் கேட்பதில்லை. மானம் ஒன்றே நாணயமாக வழங்கும் உலகம் அது. மானத்தை அளவையாகக் கொள்ளும் எழுத்து, தன்னையறியாமலே நிலவுடைமைக் குடும்பத்தின் கணக்கப்பிள்ளையாகி விடுகின்றது. இழந்தவள் பெண் அல்லள், இழந்தது குடும்பம் என்று பற்றெழுதுகின்றது.

புதுமைப்பித்தன் இவ்வாய்பாட்டை 1934இலேயே உடைத்தார். ‘பொன்னகரம்’ கதையில், படுக்கையிற் கிடக்கும் கணவனின் பாற்கஞ்சிக்காக அம்மாளு சந்தின் இருளில் ஈட்டியது முக்கால் ரூபாய் என்று தொகையையே எழுதினார். கற்பு பேசுவோர் வாயை அடைத்தது அவருடைய கிண்டலன்று, அந்தத் தொகை. அவர் எந்த முற்போக்கு அணியின் கொடியையும் பிடித்தவரல்லர் என்பது நம்மவர் சற்று வெட்கத்தோடு நினைக்கவேண்டிய செய்தி. பின்னர் 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுதியிற் பெண்களே தம் வாயாற் பேசினர். அது பெரும் பாய்ச்சல். நம் உரைநடை அவ்வளவு தூரம் வந்திருக்கின்றதா என்பதில் நமக்கு ஐயம் உண்டு.

2014 யூலையில் காரைநகரில் பள்ளிச் சிறுமியர் இருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகவும், அதிற் கடற்படையினர் சம்பந்தப்பட்டதாகவும் முறைப்பாடு எழுந்தது. 2015 மே மாதத்தில் புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி கூட்டு வன்புணர்வின் பின் கொல்லப்பட்டாள். கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர் வீதிக்கு வந்தனர். 2017 செப்ரெம்பர் 27இல் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. மேடைகளில் மானத்தின் முழக்கமே ஓங்கி ஒலித்தது. பாடசாலை வழி அச்சத்தின் வழியாகிவிட்டால் என்ன நிகழும் என்பதை முழக்கம் சொல்லாது. மகளைக் கூட்டிச் செல்லும் கடற்றொழிலாளி காலைத் தொழிலை இழக்கின்றான். மாலை வகுப்பு நின்றுபோகின்றது. ‘காலம் கெட்டுக் கிடக்கு’ என்று பதினெட்டிலேயே கலியாணம் பேசப்படுகின்றது. இவை எவராலும் குற்றமாகப் பதியப்படாத நட்டங்கள்.

உலக நிறுவனங்கள் கணக்கிடத் தொடங்கியிருக்கின்றன. பெண்களுக்கெதிரான வன்முறையால் உலகுக்கு ஏற்படும் இழப்பு ஏறக்குறைய 1.5 இலட்சம் கோடி டொலர், அதாவது உலக உற்பத்தியில் 2 வீதமளவு, என ஐக்கிய நாடுகளின் பெண்கள் அமைப்பு 2016இல் மதிப்பிட்டது. கணவனிடம் அடிபடும் பெண் அடிபடாதவளைவிட 35 வீதம் குறைவாகச் சம்பாதிக்கிறாள் என்று வியட்நாமில் 2012இல் வெளியான ஆய்வு கண்டது. இலங்கையில் 2019ஆம் ஆண்டின் மதிப்பீடு, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவருள் ஒருத்தி துணைவனின் உடல்வழி அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவள் என்றது.

இவ்வெண்களை வரவேற்கின்றோம், ஆயினும் அவற்றின் முன் தலைவணங்கி நிற்பதற்கில்லை. கூலிக்குப் போகாதவளின் உழைப்பு தேசிய உற்பத்திக் கணக்கிற் பெரும்பாலும் சேர்வதேயில்லை. தீவுப் பகுதியின் நன்னீர்ப் பஞ்சத்தை யாவரும் அறிவர். குடிநீர் சுமப்பவள் பெண்; ஆட்டுக்குக் குழை ஒடிப்பவள் அவள்; ஒடியல் காயப்போடுபவளும், ஓலை பின்னுபவளும் அவளே. அவள் இரண்டு நாள் வீங்கிய முகத்தோடு பாயிற் கிடந்தால் பொருளாதார நிபுணரின் ஏட்டில் ஒரு சதமும் குறைவதில்லை. குடத்தை மூத்த மகள் எடுக்கிறாள். குறைவது வகுப்பறை இடாப்பில். ஆசிரியராகிய வாசகர் தம் கையிலுள்ள இடாப்பை ஒருமுறை இந்தக் கண்கொண்டு புரட்டிப் பார்க்கட்டும். அங்கே சிவப்பு மையில் இருக்கும் கோடுகளில் எத்தனை காய்ச்சல், எத்தனை அடி?

‘அடிக்கிறவனை விட்டுப் போவதுதானே’ என்பாரும் உளர். எங்கே போவது? யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வந்தவை. உறுதியில் அவள் பெயர் இருக்கும். ஆயின் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தன் அசையாச் சொத்தைத் தன் வாழ்நாளில் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாதென 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. தன்னை அடிப்பவனின் கையெழுத்தின்றித் தன் வீட்டின்மேல் ஒரு ரூபா கடன் எடுக்க இயலாதவள், சொத்துடையாள் என்று அழைக்கப்படுகிறாள்! நியாயமின்றிச் சம்மதம் மறுக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றை நாடலாம் என்று அதே சட்டம் வழி விட்டிருக்கின்றது. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு அந்த வீட்டை ஈடுவைக்கவேண்டும். மானம் பற்றி ஆயிரம் கதை எழுதிய நாம், இந்த ஒரு கையெழுத்தைப் பற்றி எத்தனை எழுதினோம்?

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்க இடமளித்தது, நன்று. ஆனால் கட்டளை பெற நீதிமன்றுக்குப் போகவேண்டும். காரைநகர்க் கரையில் நின்றால் ஊர்காவற்றுறை கண்ணுக்கெதிரே தெரியும். நடுவே சிறிய கடல்தான். கடற்பாதை ஓடினால் சில நிமிடப் பயணம். ஓடாத நாளில் பொன்னாலைப் பாலம் கடந்து, வட்டுக்கோட்டை வழியே யாழ்ப்பாணம் போய், பண்ணைப் பாலத்தால் வேலணை சென்று சுற்றி வரவேண்டும். கைக்குழந்தையோடு, அன்றைய வேலையை விட்டு, பஸ் காசைக் கணவனிடமே கேட்டு வாங்கி அவ்வழக்குக்குப் போகவேண்டியவளின் ஒருநாட் செலவைச் சதம் சதமாக எழுதிய கதையொன்றை நாம் இன்னும் வாசிக்கவில்லை.