‘சவுண்ட் அண்ட் கலர்’: இடைவெளிகளைக் கேட்பது எப்படி?

முதல் ஆல்பம் பெரிதாக ஓடிவிட்ட குழுவின் இரண்டாவது ஆல்பத்தை நாம் சந்தேகத்தோடுதான் கேட்கத் தொடங்குகிறோம். முன்பு பிடித்த பாட்டைப் போல இதில் ஒன்று இருக்கிறதா என்று தேடுகிறோம். இல்லையென்றால் ‘பழைய மாதிரி இல்லை’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அலபாமா ஷேக்ஸ் குழுவின் ‘சவுண்ட் அண்ட் கலர்’ (2015) ஆல்பத்தை அப்படி அணுகினால் முதல் பாட்டிலேயே ஏமாற்றம் காத்திருக்கிறது. அவர்களைப் பிரபலமாக்கிய ‘ஹோல்ட் ஆன்’ பாட்டின் கிதாரை எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது, ஒவ்வொரு சுரமாக நிதானமாக விழும் வைப்ரஃபோன். கிதாரைத் தேடிக்கொண்டே இருப்பதற்குள் பாட்டு பாதி முடிந்துவிடும்.

தேடுவதை நிறுத்திவிட்டால் இதைப் போல் காதைப் பழக்கும் ராக் ஆல்பங்கள் குறைவு.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அலபாமா மாநிலத்தின் வடக்கே ஏதென்ஸ் என்று ஒரு சிற்றூர். பாடகியும் கிதார் கலைஞருமான பிரிட்டனி ஹோவர்டும், பேஸ் கிதார் வாசிக்கும் ஸாக் காக்ரெலும் அங்கே பள்ளிக்கூடத்தில் பழக்கமானவர்கள். ட்ரம்ஸுக்கு ஸ்டீவ் ஜான்சனும் இன்னொரு கிதாருக்கு ஹீத் ஃபாகும் சேர்ந்துகொள்ள, 2009இல் குழு உருவானது. பாட்டு சோறு போடத் தொடங்கும்வரை பிரிட்டனி வீடு வீடாகத் தபால் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏதென்ஸிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் காரில் போனால் மஸில் ஷோல்ஸ் வரும். சோல் இசையின் சரித்திரத்தில் பாதி அந்த வட்டாரத்தில்தான் பதிவானதோ என்று தோன்றும். ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ பாட்டை பெர்சி ஸ்லெட்ஜ் பாடியது 1966இல், பக்கத்து ஊரான ஷெஃபீல்டில். அரீத்தா ஃபிராங்க்ளின் 1967 ஜனவரியில் ஃபேம் ஸ்டுடியோவுக்கு வந்தார். கறுப்பினப் பாடகர்களுக்கு அங்கே வாசித்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வெள்ளைக்கார இளைஞர்கள். இனப் பிரிவினையைக் காப்பேன் என்று 1963இல் பதவியேற்பு மேடையிலேயே ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் முழங்கிய அதே அலபாமாவில்தான் இதுவும் நடந்தது.

இந்தப் பின்னணி இருந்ததால், 2012இல் முதல் ஆல்பமான ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’ வெளிவந்ததும் எல்லோரும் ஒரே குரலில் ‘அறுபதுகளின் சோல் திரும்பி வந்துவிட்டது’ என்றார்கள். ஓட்டிஸ் ரெடிங், ஜானிஸ் ஜோப்ளின் என்று பெயர்களை அடுக்கினார்கள். பாராட்டுதான், ஆனால் இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் கையில் பாட்டியின் நகைப்பெட்டியைக் கொடுத்து, இதை மட்டும் போட்டுக்கொள் என்று சொல்கிற பாராட்டு. இரண்டாவது ஆல்பத்தில் பிரிட்டனி பெட்டியை மூடி வைத்துவிட்டார்.

அப்படியானால் சோல் எங்கே போனது? என் கணிப்பு இதுதான்: ஊதுகருவிகளும் ஆர்கனும் தொண்டை கிழியும் கத்தலும் சோலின் உடை. அதன் உடம்பு வேறு. அடக்குவதும் அவிழ்ப்பதும்தான் அது. தேவாலயத்துப் பாட்டிலிருந்து வந்த பழக்கம். குரலை நிறுத்தி, சபையைக் காக்க வைத்து, இனித் தாங்காது என்ற கட்டத்தில் விடுவது. இந்த ஆல்பத்தில் உடை முழுக்க மாறிவிட்டது. சைக்கடெலிக், ஃபங்க், பங்க் என்று என்னென்னவோ வந்து போகின்றன. ஆனால் அடக்கி அவிழ்க்கும் அந்தப் பழக்கம் முதல் ஆல்பத்தில் இருந்ததைவிடக் கூர்மையாகியிருக்கிறது. ஆகவே இதைக் கேட்க ஒரே ஒரு பயிற்சி போதும். இவர்கள் எங்கே வாசிக்காமல் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அதற்கு ஹெட்போன் வேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தின் பாதி காணாமல் போய்விடும். முக்கியமாக பேஸ். இளையராஜா பாடல்களில் மெட்டை விட்டுவிட்டு பேஸ் கிதாரின் பின்னாலேயே போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் காதை இங்கே கொண்டுவாருங்கள். இரண்டாவது பாட்டான ‘டோன்ட் வான்னா ஃபைட்’ அதற்குத் தோதானது. சிறிய, வெட்டி வெட்டி வரும் கிதார் துணுக்கு ஒன்று. அதன் கீழே ட்ரம்ஸும் பேஸும். மூன்றும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு வாசிக்கின்றன, எதுவும் எதன் மேலும் ஏறவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் பிரிட்டனியின் குரல் வருகிறது. முதலில் சொல்லே இல்லை, துருப்பிடித்த கீலைத் திறப்பது போல ஒரு கீச்சொலி. பல்லவி வரும்போது எந்த ராக் குழுவும் ஒலியைப் பெருக்கும். இவர்கள் குரலைக் கள்ளக்குரலுக்கு ஏற்றி மெலிய விடுகிறார்கள். சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போன ஒருத்தியின் பாட்டு அது. அலுத்தவளால் கத்த முடியாது என்பது பாட்டின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

ஐந்தாவது பாட்டான ‘கிம்மி ஆல் யுவர் லவ்’வுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்கலாம். நான்கு நிமிடப் பாட்டு. முதல் முறை குரலை மட்டும் கேளுங்கள். காதோரம் பேசுகிற அளவுக்கு ஒரு வரி, அடுத்த கணம் கூரை அதிரும் ஒரு கூவல், உடனே மறுபடி முணுமுணுப்பு. இரண்டாவது முறை கூவலுக்கு முந்தைய அரை நொடியைக் கேளுங்கள். கருவிகள் எல்லாம் விலகிக்கொள்கின்றன. அந்த விலகல் இல்லாவிட்டால் கூவல் வெறும் சத்தமாகியிருக்கும். மூன்றாவது முறை, பாட்டு பாதியைத் தாண்டும் இடத்துக்குக் காத்திருங்கள். எல்லாம் முடிந்தது போல அடங்கி, வேறொரு நடையில், வேறொரு வேகத்தில் பாட்டு புதிதாகப் புறப்படுகிறது. அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்தவள் இப்போது கேட்டு வாங்குகிறாள். சோல் பாடகர்கள் மேடையில் பாட்டை முடிப்பது போல் முடித்துவிட்டு மறுபடி தொடங்குவார்களே, அந்த உத்தியை நான்கு நிமிடத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, 2015 பிப்ரவரியில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் இதைப் பாடினார்கள். பதிவைக் கேட்டபின் அந்தக் காணொளியைப் பாருங்கள், முன்னால் வேண்டாம். பிரிட்டனியின் முகம் கண்ணை இழுத்துக்கொண்டால் காதுக்கு வேலை குறைந்துவிடும்.

ஒலியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சில இடங்களில் குரல் கரகரத்து உடையும், ட்ரம்ஸ் எதிரொலியே இல்லாமல் மொட்டையாக, மூக்குக்கு முன்னால் வைத்து அடிப்பது போலக் கேட்கும். உங்கள் ஹெட்போனில் கோளாறு இல்லை. நாஷ்வில் நகரின் சவுண்ட் எம்போரியம் ஸ்டுடியோவில், தயாரிப்பாளர் பிளேக் மில்ஸும் ஒலிப்பொறியாளர் ஷான் எவரெட்டும் வேண்டுமென்றே செய்தது அது. ஒரு கருவி பக்கத்தில், ஒரு கருவி தூரத்தில், ஒரு குரல் அடுத்த அறையில் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இருப்பிடம் வகுத்திருக்கிறார்கள். முதல் பாட்டின் கடைசியில் வயலின்கள் நுழையும்போது அறை திடீரென்று பெரிதாவதை உணரலாம். அந்தப் பாட்டின் வீடியோவில் ஒரு விண்வெளி வீரர் கலத்துக்குள் தனியே விழித்தெழுகிறார். பாட்டுக்குள் அத்தனை வெட்டவெளி இருப்பதற்கு அது பொருத்தம்தான். கிராமியில் சிறந்த ஒலிப்பதிவுக்கான விருது இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. பரிசுகளை வைத்து இசையை எடை போடுகிறவன் இல்லை நான். ஆனால் அந்த ஒரு பரிசு சரியான இடத்துக்குப் போனது.

பொறுமையைச் சோதிக்கும் பாட்டு ‘ஜெமினை’. ஆறரை நிமிடம். பெரும்பாலோர் இங்கேதான் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறார்கள். டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ (2000) கேட்டவர்களுக்கு இதன் நடை புரியும்: ட்ரம்ஸ் ஒவ்வொரு அடியையும் இம்மியளவு தாமதித்து வைக்கிறது, பேஸ் அதைவிடச் சோம்பலாகப் பின்தொடர்கிறது. கால் தாளம் போட்டால் தப்பும். தாளம் போடாதீர்கள். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, கிதார் சிதைந்து இரைச்சலாகும் கட்டம்வரை சும்மா இருங்கள். அந்த இரைச்சல் அதற்கு முன்னால் வந்த மெதுவான நிமிடங்களால்தான் அர்த்தம் பெறுகிறது. இதை உடனே தொடரும் கடைசிப் பாட்டு ‘ஓவர் மை ஹெட்’. அதில் பிரிட்டனியின் குரல் பலவாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒரே பெண்ணே ஒரு முழுப் பாடகர் குழுவாகிவிடுகிறாள். இரண்டையும் பிரிக்காமல் கேட்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘திஸ் ஃபீலிங்’ ஆல்பம் மூச்சுவிடும் இடம்; ‘ஃப்ளீபேக்’ தொடரின் கடைசிக் காட்சியில் ஒலித்ததால் இந்தப் பாட்டு வழியாகவே குழுவுக்கு வந்தவர்கள் உண்டு. ‘கெஸ் ஹூ’வில் கர்ட்டிஸ் மேஃபீல்டின் சாயல் இதமாக வீசுகிறது. ‘மிஸ் யூ’ பழைய பெட்டியிலிருந்து தப்பி வந்த ஒரே நகை. அசல் சோல், அதுவும் முதல் தரம். ‘ஷூகேஸ்’ என்ற பெயரைப் பார்த்து, அதே பெயருள்ள ராக் வகை என்று ஏமாற வேண்டாம், அது நேரான கிதார் பாட்டு. ‘தி கிரேட்டஸ்ட்’ எனக்கு ஒட்டவேயில்லை. குழுவால் வேகமாகவும் வாசிக்க முடியும் என்று காட்டுவதற்காகச் சேர்த்தது போல் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் பாவமில்லை.

பாடல் வரிகள் முதலில் புரிய வேண்டிய அவசியமில்லை. பிரிட்டனி சொற்களை மென்று, இழுத்து, பாதியில் விழுங்கிப் பாடுகிறார். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் பல இடங்களில் அது தெளிவாகக் கேட்பதில்லை. வரிகளைப் பார்த்துக்கொண்டு கேட்பது மூன்றாவது, நான்காவது சுற்றுக்கு உரிய வேலை.

இன்னொன்று, வரிசையைக் குலைக்காதீர்கள். 12 பாடல்கள், ஏறக்குறைய 47 நிமிடம். சத்தமான பாட்டுக்குப் பின் வரும் அமைதி யோசித்து வைக்கப்பட்டது. ‘கிம்மி ஆல் யுவர் லவ்’ முடிந்த கையோடு ‘திஸ் ஃபீலிங்’கின் மெல்லிய கிதார் வந்தால்தான் அதன் தண்மை தெரியும்.

2015இல் இந்த ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. ரசிகர்கள் விரும்பியது முதல் ஆல்பத்தின் நகலை அல்ல என்பதற்கு அது ஒரு சான்று. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’ உடனே பிடித்துப்போகும் ஆல்பம், ‘சவுண்ட் அண்ட் கலர்’ பெரிய ஆல்பம் என்பேன். இது பிடித்துப்போனவர்கள் அடுத்து, சிறுவயதில் இறந்துபோன தன் அக்காவின் பெயரில் பிரிட்டனி தனியாக வெளியிட்ட ‘ஜேமி’ (2019) ஆல்பத்துக்குப் போகலாம். அங்கே இன்னும் துணிச்சலாக இறங்கியிருக்கிறார். போவதற்கு முன் ‘ஜெமினை’யைத் தாவாமல் ஒரு முறை முழுதாகக் கேட்டுவிடுங்கள்.