வாக்குச் சாவடியும் வாடகை வீடும்

ஈரானியத் திரையுலகில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் பெண் இயக்குநர் ரக்‌ஷான் பனீ எத்தெமாத். அவர் 2002ஆம் ஆண்டில் அளித்த 'ரூஸ்காரே மா' ('எங்கள் காலம்' எனலாம்) கதைப்படம் அன்று, ஆவணப்படம். 2001 ஜூன் மாதத்தில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலே அதன் களம். சீர்திருத்தவாதி எனப் பெயர் பெற்ற முஹம்மது காத்தமி இரண்டாம் முறையாகப் போட்டியிட்ட தேர்தல் அது. சீர்திருத்தம் பேசும் ஓர் ஆட்சியில் சாமானிய மக்களின் பங்கு எங்கே தொடங்குகின்றது, எங்கே நின்றுவிடுகின்றது என்று அறிய விரும்புவோர் இப்படத்தைக் காணவேண்டும். படத்தில் உள்ளது மட்டுமின்றி, அதில் இல்லாததும் அவ்வினாவுக்கு விடை தருகின்றது.

1997 மே 23 அன்று நடந்த தேர்தலில் இரண்டு கோடி மக்களின் வாக்குகளைப் பெற்றுக் காத்தமி வெற்றி அடைந்தார். அவரை ஏற்றி வைத்தவர்கள் இளைஞர்களும் பெண்களும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட செய்தி. ஆனால் அடுத்த நான்கு ஆண்டுகள் அவர்களுக்கு இனிமையாக அமையவில்லை. 1999 ஜூலையில் தெஹ்ரான் பல்கலைக்கழக மாணவர் விடுதி தாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் சீர்திருத்தப் பத்திரிகைகள் வரிசையாக மூடப்பட்டன. எனினும் 2001இல் பதிவான வாக்குகளில் 77 விழுக்காடு அவருக்கே கிட்டியது. இந்தப் பெருவெற்றிக்குள் ஓர் எச்சரிக்கையும் ஒளிந்திருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வாக்களித்த நாட்டில், இம்முறை சாவடிக்கு வந்தோர் மூன்றில் இரண்டு பங்கினரே.

படத்தின் முற்பகுதி தெஹ்ரான் நகர இளையோர் சிலரைப் பின்தொடர்கின்றது. காத்தமிக்காகத் தாங்களே ஒரு தேர்தல் நிலையம் அமைத்துக்கொண்டு இரவு பகலாக உழைக்கின்றனர். அவர்களுள் இயக்குநரின் மகள் பாரான் கௌசரியும் ஒருவர். இப்பகுதியில் துடிப்பு இருக்கின்றது, உண்மையும் இருக்கின்றது. ஆயினும் இங்கே காமிராவைப் பிடித்திருப்பவர் இயக்குநரா, தாயா என்ற ஐயம் எழாமல் இல்லை. வெற்றி கிட்டிய பின் இந்த உழைப்பு எந்த வாய்க்காலில் பாயப்போகின்றது என்று அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை அழுத்திக் கேட்டிருக்கலாம். கேட்கவேண்டிய இடத்தில் பரிவு குறுக்கே வந்துவிட்டது.

பிற்பகுதியில்தான் படம் உயர்கின்றது. அத்தேர்தலில் மனுச் செய்தோர் 814 பேர். அவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். காவலர் மன்றம் 10 பேரை மட்டுமே தகுதியுடையோராக ஏற்றது. அப்பத்துப் பேரில் ஒரு பெண்ணும் இல்லை. ஈரானிய அரசியல் சட்டத்தின் 115ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் சமயத்திலும் அரசியலிலும் சிறந்த 'ரிஜால்'களிலிருந்து தெரிவு செய்யப்படவேண்டும் என்கின்றது. 'ரிஜால்' என்பது ஆண்களை மட்டும் குறிக்குமா, சான்றோர் அனைவரையும் குறிக்குமா என்பதே வழக்கு. ஹதீஸ் கலையோடு சிறிது பழக்கமுள்ளோர்க்கு இவ்வழக்கு புதுமையாகவே தோன்றும். அறிவிப்பாளர் வரலாற்றைக் கூறும் 'அஸ்மாஉர் ரிஜால்' நூல்களில் பெண் அறிவிப்பாளர்களுக்கும் இடம் உண்டல்லவா! இச்சொல்லின் பொருளைச் சோதிப்பதற்கென்றே 1997இல் மனுச் செய்தவர் அஃஸம் தாலிகானி அம்மையார். விடை கிட்டாமலே 2019இல் அவர் மறைந்தார்.

மனுச் செய்த பெண்கள் சிலரைத் தேடிச் செல்லும் இயக்குநர், இறுதியில் ஒருவரிடமே தங்கிவிடுகின்றார். இருபத்தைந்து வயது, கணவரைப் பிரிந்தவர், ஒரு மகளையும் பார்வையிழந்த தாயையும் தம் ஊதியத்தால் காத்து வருபவர். நாட்டின் துயரங்களை நானே பட்டிருக்கிறேன், ஆகவே நான் நிற்கிறேன் என்பது அவர் வாதத்தின் சாரம். மனு தள்ளுபடியாகின்றது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவரைத் துரத்துகின்றது. குடியிருக்கும் வீட்டை உடனே காலி செய்யவேண்டும். ஆண் துணையில்லாத பெண்ணுக்கு வீடு தருவார் இல்லை. படி ஏறுகின்றார், இறங்குகின்றார், மீண்டும் ஏறுகின்றார். வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதில்லை. நாடாளும் பதவிக்கு மனுக் கொடுக்க அவரை அனுமதித்த நாட்டில் இரண்டு அறைகளுக்கு வாடகைச் சீட்டுப் பெற முடியவில்லை. இதை இயக்குநர் வாய்திறந்து சொல்லவில்லை. அந்தப் பெண்ணோடு நம்மையும் நடக்கவைக்கின்றார், அவ்வளவே. இதற்கு முன் வந்த 'நகரத்தின் தோலுக்கடியில்' என்னும் அவருடைய கதைப்படத்தின் முடிவில், ஏழைத் தாய் ஒருத்தி வாக்குச் சாவடியில் நின்று, இந்தப் படங்களை யாருக்குக் காட்டுகிறீர்கள் என்று காமிராவையே கேட்பாள். அந்தக் கேள்விக்கு இயக்குநர் தமக்குத் தாமே தேடிக்கொண்ட விடையாக இப்பகுதியைக் கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு என் மனம் நிறைவுறவில்லை. தேர்தல் நிலையத்துக்கும் வாடகை வீட்டுக்கும் இடையே ஓர் இடம் இருந்தது. படம் அதனைக் கண்டுகொள்ளவே இல்லை. திருமறையின் 42ஆம் அத்தியாயத்துக்குப் பெயராக அமைந்த 'ஷூரா'வை, அதாவது கலந்தாலோசனையை, ஆட்சியின் அடித்தளங்களுள் ஒன்றாக ஈரானிய அரசியல் சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகின்றது. சிற்றூர்தோறும் நகர்தோறும் ஷூராக்கள் வேண்டுமென்று 1979இல் ஓயாது வற்புறுத்தியவர் ஆயத்துல்லாஹ் தாலிகானி. மேலே சொன்ன அம்மையாரின் தந்தை. அந்த ஆண்டே அவர் காலமானார். எழுத்தாகவே கிடந்த அத்திட்டம் இருபது ஆண்டுகள் கழித்து, காத்தமி ஆட்சியில், 1999 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்கு மக்கள் தம் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுத்தனர். அந்தச் சீர்திருத்த ஆட்சி செய்த காரியங்களுள் வேர் பிடிக்கத்தக்கது இதுவே என்பேன். ஆனால் அதிகாரமும் பணமும் போதிய அளவு அந்த மன்றங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. சீர்திருத்தவாதிகளே நிறைந்திருந்த தெஹ்ரான் நகர ஷூராவோ உட்பூசலிலேயே காலத்தைக் கழித்தது. 2003 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் அதனைக் கலைத்தது.

இளைஞர்களின் ஊக்கமும் அந்தப் பெண்ணின் வீட்டுக் குறையும் சந்தித்திருக்க வேண்டிய இடம் அந்த நகர ஷூராதான். தலைநகரிலேயே, படப்பிடிப்புக் குழுவின் கைக்கெட்டும் தொலைவில் அது இருந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலின் ஒளி கண்களை நிறைத்துவிட்டதால் இயக்குநர் அப்பக்கம் திரும்பவில்லை. சீர்திருத்தத் தலைவர்களும் திரும்பவில்லை. படம் வெளிவந்த மறு ஆண்டு, 2003 பிப்ரவரியில், ஷூராக்களுக்கு இரண்டாம் தேர்தல் நடந்தது. தெஹ்ரானில் வாக்களித்தோர் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர். அவர்கள் தெரிந்தெடுத்த புதிய மன்றம் மஹ்மூது அஹ்மதி நெஜாதை நகர மேயர் ஆக்கியது. 2005இல் காத்தமி காலி செய்த நாற்காலியில் அமர்ந்தவர் அவரே.