கடைசி மாணவனுக்காகக் காத்திருந்த பள்ளி

'மாணவர் மையக் கல்வி' என்னும் சொற்றொடர் இன்று எங்கும் ஒலிக்கிறது. திறன் பலகையும் கைக்கணினியும் வந்துவிட்டதால் அது கைகூடிவிட்டதாகவும் நம்புகிறோம். இந்நம்பிக்கையை உரசிப் பார்க்க ஏற்ற உரைகல், 1967-இல் இத்தாலியில் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்கு மடல்'.

புளோரன்சு மறைமாவட்டத்தின் மலைச் சிற்றூர் பார்பியானா. 1954-இல் அங்கு அனுப்பப்பட்ட லொரென்சோ மிலானி அடிகளார், உழவர் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். பிற பள்ளிகளில் தோற்றவர்களும் அங்கு வந்தனர். அவர்களுள் எண்மர் சேர்ந்து எழுதியதே இந்நூல். எண்ணங்களைத் துண்டுத் தாள்களில் குறித்து, ஒத்தவற்றைத் தொகுத்து, மிகையை வெட்டினர். எனவேதான் நடையில் அலங்காரமில்லை, ஆற்றல் உண்டு.

நூலின் உயிர்நாடி ஒரு சிறு செய்தியில் உள்ளது. பார்பியானாவில் ஒருவனுக்குப் பாடம் விளங்கவில்லையெனில், அவன் புரிந்துகொள்ளும்வரை மற்றவர் நகர்வதில்லை. மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். இன்றைய கருவியோ ஒவ்வொருவரையும் அவரவர் வேகத்தில் செல்ல விடுகிறது. அது நன்மையே, ஆயினும் முந்தியவன் பிந்தியவனைத் திரும்பிப் பார்க்கும் தேவை அற்றுப்போகிறது.

நூலில் குறையும் உண்டு. ஆசிரியையின் தரப்பு ஒலிப்பதேயில்லை. சினம் சிலவிடங்களில் நீதியை மிஞ்சுகிறது எனவே கருதுகிறோம்.

1967 ஜூனில், தம் 44-ஆம் வயதில் அடிகளார் மறைந்தார். 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரது கல்லறையில் மன்றாடினார். நூல் எழுப்பிய வினா மட்டும் அடங்கவில்லை: மையத்தில் இருக்கும் அந்த மாணவன் யார்? தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிய ஆயனின் மந்தை நாம். நம் பள்ளிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் கடைசி இருக்கையைச் சுட்டாமல் இதற்கு விடை கூற இயலாது.