ஃபேர்பேர்ன் கற்பித்த சண்டை

சின்னசேலம் பக்கம் சிலம்பம் பழகும் பிள்ளைக்குக் கம்பு வசப்படவே ஆண்டுக்கணக்காகும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் ரகசிய அமைப்பான எஸ்.ஓ.இ.க்கு அந்த அவகாசம் இல்லை. நேற்றுவரை சாதாரண வேலை பார்த்தவர்களைச் சில மாதங்களில் எதிரியின் பிடியிலுள்ள நாட்டில் இறக்கியாக வேண்டும். அவர்களுக்குக் கைச்சண்டை வகுத்துக் கொடுத்தவர் வில்லியம் ஃபேர்பேர்ன். ஷாங்காய் நகரக் காவல்துறையில் 1907 முதல் 1940 வரை இருந்தவர். கோடோகான் ஜூடோவில் கறுப்புப் பட்டை பெற்றவர்.

அழகான அடிவரிசைகளை அவர் கழித்துக்கட்டினார். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மோவாயில் ஓர் இடி, கைவிளிம்பால் கழுத்தில் ஒரு வெட்டு, முழங்கால் உதை, இப்படிச் சிலதான். உயிர்ப்பயத்தில் விரல்களின் நுட்பம் போய்விடும், முரட்டு அசைவுதான் மிஞ்சும். துப்பாக்கிப் பயிற்சியையும் இருட்டு வீட்டுக்குள், திடீரென்று எழும் உருவங்களுக்கு நடுவே வைத்தார். பயத்தோடேயே பழக்கியதுதான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

ஆனால் ஒற்றரைக் கொன்றது பெரும்பாலும் வேறொன்று. திப்பு சுல்தானின் வழிவந்த எஸ்.ஓ.இ. வானொலி ஒற்றர் நூர் இனாயத் கான் 1943 ஜூனில் பிரான்சில் இறங்கினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார். பிடிக்க வந்தவனின் மணிக்கட்டைக் கடித்துப் போராடியும் தப்ப முடியவில்லை. அவர் எழுதி வைத்திருந்த செய்திக் குறிப்பேடு ஜெர்மானியரிடம் சிக்கியது. அவருடைய வானொலியின் பெயரிலேயே அவர்கள் லண்டனுக்குச் செய்தி அனுப்ப, அதை நம்பி இறங்கிய ஒற்றர்களும் மாட்டினார்கள். எந்தக் கையடி அதைத் தடுத்திருக்கும்?

எதிர்த்தரப்பிலும் இதே கதை. பினாங்கில் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபார் கரையின் தானூரில் இறங்கிய, இந்திய விடுதலைக்காக ஒற்றரான வக்கம் அப்துல் காதரின் குழு உடனே பிடிபட்டது. 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் காதர் உட்பட நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். மனம் ஆறாத மரணங்கள்.

இன்னொரு குறை எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஃபேர்பேர்னின் முறைக்கு எதிரியை முடித்துவிடத்தான் தெரியும், விலகத் தெரியாது. ஆக்கிரமிப்புப் படையின் காவலனிடம் அது நியாயம். தெருவிலும் வகுப்பறையிலும் ஆபத்து.

அரசுப் பள்ளி மாணவியருக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தரும் ராணி லட்சுமிபாய் திட்டம் இருக்கிறது. கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கும் அது உரியது. ஃபேர்பேர்னிடமிருந்து அதற்கு எடுக்க வேண்டியது, சில அசைவுகளைப் பதற்றத்திலேயே திரும்பத் திரும்பப் பழக்கும் முறை. விலகி ஓடுவது, சத்தம் போட்டுக் கூட்டம் சேர்ப்பது, துன்புறுத்துபவர் தெரிந்தவராகவே இருந்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்துச் சொல்வது ஆகியவற்றுக்கும் அந்த மூன்று மாதத்தில் பாதியை ஒதுக்க வேண்டும்.